இரண்டாவது எண்

கரமனை, திருவனந்தபுரம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். வீட்டில் எல்லாம் நலம். போனில் பேசினால் நமக்குச் சண்டை வராமல் முடிவதில்லை. நான் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தால் "பக்கத்துல யாரு?" என்கிறீர்கள். உடனே சொன்னாலோ, "என்ன, பேச்சை முடிக்க அவசரமா?" என்கிறீர்கள். போன வாரம் போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். கொஞ்ச நாளைக்குப் போன் வேண்டாம், எழுதிக்கொள்வோம். எழுதும்போது இரண்டு பேருக்கும் யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

ஆரியசாலைக் கட்டடம் முடிந்துவிட்டது. நீங்கள் வரைந்து, பாதியில் என் கையில் கொடுத்துவிட்டுப் புனேக்கு மாற்றலாகிப் போன அதே கட்டடம். கீழே இரண்டு தளத்திலும் பகவதிப்பெருமாள் அண்ணாச்சியின் வற்றல் மிளகாயும் மல்லியும் நிறைந்துவிட்டன. மேலே இரண்டு தளத்திலும் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். சுமை தூக்குகிறவர்கள், ஹோட்டல் வேலைக்காரர்கள், எல்லாம் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். காற்றில் தூசி ஏறியதும் சென்சார் கண்டுபிடித்து எக்ஸாஸ்ட் விசிறிகளை ஓடவிடுகிறது. பிச்சைக்கனி என்று ஒருவர், ராத்திரி முழுக்கத் தம்பானூரில் புரோட்டா போட்டுவிட்டுப் பகலில் தூங்குகிறவர், நேற்று என்னைப் படியில் நிறுத்தி, "யக்கா, இப்பம்லாம் இருமாம ஒறங்குதேன்" என்றார். அதைக் கேட்டபோது உங்களைத்தான் நினைத்தேன்.

புகை அலாரத்தையும் நீங்கள் சொன்னபடியே வைத்திருக்கிறேன். மிளகாய்த் தூசிக்கே அது ஏமாந்துபோவதால் எடுத்த எடுப்பில் சைரன் அடிப்பதில்லை. முதலில் என் போனுக்கும், பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி மகன் அனந்தின் போனுக்கும் செய்தி போகும். நெருப்பு என்றால் அவரே சைரனை அழுத்துவார், பொய் அலாரம் என்றால் நிறுத்திவிடுவார். இரண்டுமே நடக்காவிட்டால் சற்றுப் பொறுத்து சைரன் தானாக அடித்து, கதவுகள் எல்லாம் திறந்துகொள்ளும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர் எப்படி இருக்கிறது?

அஜிதா


புனே
15 பிப்ரவரி

அஜிதா,

குளிர் இருக்கிறது. கடிதம் எழுதுவது நல்ல யோசனைதான். நான் கேட்கும் கேள்விக்கு நீ நிதானமாகப் பதில் தயாரித்துக்கொள்ளலாம்.

நம் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டோவும் வீடியோவும் பார்த்தேன். நடுவில் நீ, உன் தோளுக்குப் பக்கத்தில் அந்த அனந்த். கீழே உன் பெயர். அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு ஒயரும் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது என்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைந்தவன் நான். என் பெயர் ஓரத்தில்கூட இல்லை. அதையும் விட்டுவிடுகிறேன். வீடியோவில் அவன், "இது அஜிதாவோட டிசைன்" என்கிறான். நான் அங்கே இருந்த கடைசி ஓணத்துக்கு நம் வீட்டுக்கு ஏத்தங்காய்ச் சிப்ஸ் கொண்டுவந்தபோது உன்னை மேடம் என்று கூப்பிட்டவன் அவன். எப்போது அஜிதா ஆனாய்?

வேலை அதிகம், மூச்சுவிட நேரமில்லை என்று போனில் சொல்வாய். செவ்வாய்க்கிழமை மொட்டைமாடியில் நின்று அவனோடு டீ குடிக்க மட்டும் நேரம் இருந்ததா? அந்த நீலச் சுடிதார் நான் எடுத்துக்கொடுத்தது. சைட்டுக்குப் போட்டால் அழுக்காகும் என்று என்னிடம் சொன்னாய்.

உண்மையைத்தான் கேட்கிறேன். வேறொன்றும் கேட்கவில்லை.

செல்வகணேஷ்


கரமனை
21 பிப்ரவரி

அத்தான்,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

மொட்டைமாடியில் டீ குடித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. என்ன நிறம் உடுத்தியிருந்தேன் என்று எனக்கே நினைவில்லை. விசிறி மோட்டார்களைப் பார்க்க அங்கே ஒரு கேமரா வைத்திருக்கிறோம். யாராவது அன்னியர் ஏறி வந்தால் தெரியட்டும் என்று வைத்தது. அதன் வழியாகப் புனேயில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்திருக்கிறீர்கள்.

அந்தக் கட்டடத்துக்கு அட்மின் ஐடி ஒன்றுதான் இருக்கிறது. நாம் இருவரும் ஒரே ஐடியில் வேலை செய்தோம். நீங்கள் போன பிறகு பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புருஷன்தானே என்று இருந்துவிட்டேன். இப்போதும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். மாற்றினால் உங்களைப் பூட்டி வெளியே நிறுத்தியதாக ஆகும். அப்படி ஒரு குடும்பம் எனக்கு வேண்டாம். நீங்களாகவே வெளியே வாருங்கள்.

பொறாமை உங்களுக்கு மட்டும் உள்ளது என்று நினைக்காதீர்கள். ஆரியசாலையில் சுமைக்காரர்கள் முதல் டீக்கடைக்காரர் வரை அதை இன்றைக்கும் "கணேஷ் சார் கட்டடம்" என்றுதான் சொல்கிறார்கள். இத்தனை மாதம் வெயிலில் நின்று முடித்தவள் நான். அதைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிகிறது. ஆனால் அதற்காக நான் உங்கள் அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

அனந்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு இன்னொருவரைப் பற்றிக் கேட்பீர்கள்.

அஜிதா


புனே
27 பிப்ரவரி

அஜிதா,

ஆமாம், பார்த்தேன். மறுக்கவில்லை.

முதலில் விசிறிகள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்கத்தான் போனேன். என் வேலை ஆயிற்றே. அப்புறம் நீ வந்து நின்றாய். பத்து மாதமாக உன்னை நேரில் பார்க்காதவன், வைத்த கண் எடுக்க முடியவில்லை. பிறகு அவன் வந்தான். ஏதோ சொன்னான். நீ தலையைச் சாய்த்துச் சிரித்தாய். அந்தக் கேமராவில் சத்தம் வராது. என்ன சொன்னான் என்று தெரியாமல் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. என்னோடு பேசும்போது நீ அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகிறது, உனக்கே தெரியும்.

அவன் உன்னை அஜிதா என்றழைப்பதைவிட, தினம் தினம் போனில் கூப்பிடுவதுதான் என்னைக் கொல்கிறது. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே எத்தனை தடவை "அனந்த் லைன்ல வாறாரு, அலாரமாம்" என்று வைத்திருக்கிறாய். மூட்டையை உதறினால் ஒரு அலாரம், கூட்டினால் ஒரு அலாரம். அவனுக்கு அது நல்ல சாக்கு. இனி அந்தச் சாக்கு இருக்காது.

நீ சொன்னபடி வெளியே வந்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். சத்தியம்.

செல்வகணேஷ்


கரமனை
10 மார்ச்

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதல். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் குறைந்திருக்கிறது.

ஊரெல்லாம் ஆற்றுகால் கோயில் பொங்காலைக்குத் தயாராகிறது. நம் தெருவிலேயே செங்கல் அடுப்புக்கு இடம் பிடித்துக் கயிறு கட்டிவிட்டார்கள். கீழ்வீட்டு பிரேமா சேச்சி எனக்கும் சேர்த்து இடம் வைத்திருக்கிறாள். போன வருஷம் நீங்கள் தண்ணீர்க் குடத்தோடு அலைந்ததைச் சொல்லிச் சிரித்தாள்.

கட்டடம் இப்போது நன்றாகப் பழகிவிட்டது. இந்த இரண்டு வாரமாக அனந்திடமிருந்து ஒரு போன்கூட இல்லை. என் போனுக்கு அலாரம் வருகிறது, நானே கேமராவில் பார்த்து நிறுத்திவிடுகிறேன். அவரும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார் போலிருக்கிறது. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் வேலை மிச்சம்.

அடுத்த வாரம் வித்துரா போகிறேன். பொன்முடி ஏறும் வழியில் ஒரு ரிசார்ட்டுக்கு இதே மாதிரி சென்சார் வைக்க வேண்டுமாம். அந்த வளைவுகளில் போன் சிக்னல் சுத்தமாகக் கிடைக்காது. அதனால் என்ன, இங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதே.

விஷுவுக்கு லீவு கிடைக்குமா? வாருங்கள். நேரில் இருந்தால் நாம் இவ்வளவு மோசமாக இல்லை.

உங்கள் அஜிதா


புனே
16 மார்ச்

அஜிதா,

உன் கடிதத்தில் "உங்கள் அஜிதா" என்று எழுதியிருந்தாய். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நடுவில் ஒரு வரி உறுத்துகிறது. இரண்டு வாரமாக அவனிடமிருந்து போன் இல்லை என்கிறாய். அப்படியென்றால் அவன் கூப்பிடாத நாட்களை நீ கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாய். நான் கூப்பிடாத நாட்களையும் இப்படிக் கவனித்தாயா?

சரி, விடு. விஷுவுக்கு வருகிறேன்.

வித்துராவுக்கு வேறு யாரையாவது அனுப்பக் கூடாதா? சிக்னல் இல்லாத இடத்துக்கு நீ இப்போது போக வேண்டாம். காரணம் கேட்காதே. வந்து சொல்கிறேன்.

செல்வகணேஷ்


கரமனை
24 மார்ச்

அத்தான்,

புதன்கிழமை, 19ஆம் தேதி, ஆரியசாலைக் கட்டடத்தில் தீப்பிடித்தது. உங்கள் கடைசிக் கடிதம் அதற்கு இரண்டு நாள் கழித்து என் கைக்கு வந்தது.

நான் அன்று பொன்முடி வழியில் இருந்தேன். மத்தியானம் இறங்கி வித்துரா சந்தைக்கு வந்ததும் போன் உயிர்பெற்று அடுக்கடுக்காக அடிக்கத் தொடங்கியது. புகை அலாரம் முதலில் வந்திருந்தது. அதன்மேல் அண்ணாச்சியின் அழைப்புகள். ஓடிப்போய் ஏறிய பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன்.

கீழ்த் தளத்தில் ஒரு ஓரத்து மிளகாய் மூட்டை கனன்றிருக்கிறது. ஒயர் சூடானதா, யாராவது பீடியைப் போட்டார்களா, பயர் ஃபோர்ஸ் இன்னும் சொல்லவில்லை. மிளகாய் எரிந்த புகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்சார் உடனே கண்டுபிடித்திருக்கிறது. எனக்குச் செய்தி அனுப்பியது, நான் மலையில். பக்கத்துக் கடையில், பத்தடி தூரத்தில், போனைக் கையில் வைத்துக்கொண்டே அனந்த் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வரவில்லை. சைரன் தானாக அடிக்கும்வரை புகை படிவழியாக மேலே ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

சைரன் அடித்ததும் கதவுகள் திறந்தன. சமையல் செய்யும் மாடம்மாள் ஒவ்வொரு கதவாகத் தட்டி ஆட்களைக் கிளப்பியிருக்கிறாள். அனந்த் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு மேலே ஓடினார். எல்லோரும் இறங்கிவிட்டார்கள், பிச்சைக்கனி ஒருவரைத் தவிர. ராத்திரி வேலை முடித்துக் காய்ச்சல் மாத்திரை போட்டுத் தூங்கியவர் எழுந்திருக்கவே இல்லை. அனந்தும் இன்னொருவரும் சேர்ந்து தூக்கிவந்தார்கள். மெடிக்கல் காலேஜில் ஐசியூவில் கிடக்கிறார். குழாய் வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து அவர் மனைவி வந்து வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் நான் போய் உட்கார்ந்தேன். நான் யார் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அனந்த் என்னிடம், "எனக்கு ஒரு மெசேஜும் வரல்ல, கேட்டியளா. வந்திருந்தா நான் அங்க இருந்திருக்க மாட்டனா?" என்றார். கட்டடத்தின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். அலாரம் போக வேண்டிய இரண்டாவது எண் அங்கே இல்லை. அவர் எண்ணை யாரோ எடுத்திருக்கிறார்கள். அட்மின் ஐடியில் எடுத்திருக்கிறார்கள். அந்த ஐடியை வைத்திருப்பவர்கள் இரண்டே பேர்.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. "ஒன்னைய நம்பித்தானம்மா எல்லாத்தையும் உட்டேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இனி அந்தச் சாக்கு இருக்காது" என்று எழுதியிருந்தீர்கள். அப்போது எனக்குப் புரியவில்லை. "சிக்னல் இல்லாத இடத்துக்குப் போக வேண்டாம், காரணம் கேட்காதே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பயம் வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தை எழுதி, கவரில் போட்டு, தபாலாபீஸ் வரை நடந்த நேரத்தில் அந்த எண்ணைத் திரும்பச் சேர்த்திருக்கலாமே. உட்கார்ந்த இடத்திலிருந்தே சேர்த்திருக்கலாம். ஏன் செய்யவில்லை?

அஜிதா


புனே
29 மார்ச்

அஜிதா,

ஏன் செய்யவில்லை என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சேர்த்தால் மறுநாளே அவன் உன்னைக் கூப்பிடுவான் என்று தோன்றியது. விஷுவுக்கு வந்து, உன் முன்னால் உட்கார்ந்து சேர்த்துவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். உனக்கும் செய்தி போகும்தானே, நீ போதும் என்று நினைத்தேன்.

பிச்சைக்கனிக்கு இப்போது எப்படி இருக்கிறது?

ஆனால் நிதானமாக ஒன்று சொல்கிறேன், கேள். அது பொது ஐடி. யார் எடுத்தது என்று எந்திரம் சொல்லாது. மென்பொருள் புதுப்பித்தபோது எண் தானாக அழிந்துவிட்டது என்று நாம் இருவரும் ஒரே மாதிரி சொன்னால் யாரும் மறுக்க முடியாது. நடக்கக்கூடிய விஷயம்தான். உன் வேலையும் போகாது, என் வேலையும் போகாது. நம் குடும்பத்தைத் தெருவில் இழுக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு அவன் ஓடியதை நீ எழுதியிருக்கும் விதத்தைப் படித்தேன். இதெல்லாம் நடந்த பிறகும்கூட எனக்கு அந்த இடத்தில்தான் கண் நின்றது. நான் என்ன மனிதன் என்று தெரியவில்லை.

செல்வகணேஷ்


கரமனை
4 ஏப்ரல்

செல்வகணேஷ் அவர்களுக்கு,

நேற்று கம்பெனி விசாரணை நடந்தது. மென்பொருள் என்று நான் சொல்லவில்லை. என் கணவர் எடுத்தார், என்மேல் உள்ள சந்தேகத்தால் எடுத்தார் என்று சொன்னேன். ஐந்து ஆண்கள் உட்கார்ந்திருந்த மேஜைக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர்கள் நம்பவில்லை. "மேடம், ஹஸ்பண்ட் புனேல இருக்காரு. இங்க சைட் உங்க கையிலல்லே?" என்றார் ஒருவர். தப்பை ஊரில் இல்லாத புருஷன் தலையில் போடுகிறாள் என்று நினைக்கிறார்கள். மறுபடி கூப்பிடும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டது என் தவறு என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அது என்னுடையதுதான்.

உங்கள் கடிதங்களைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். பிரேமா சேச்சிகூட அதைத்தான் சொன்னாள். காட்ட மாட்டேன். அவை எனக்கு எழுதப்பட்டவை. நீங்கள் செய்ததை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

பிச்சைக்கனிக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. குரல் பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாதாம். நெருப்புப் பக்கத்தில் நிற்கும் வேலை இனி ஆகாது என்கிறார்கள். புரோட்டாக் கல்லைத் தவிர வேறு வேலை அவருக்குத் தெரியாது.

அஜிதா


தம்பானூர், திருவனந்தபுரம்
14 ஏப்ரல்

அஜிதா,

நான் இங்கேதான் இருக்கிறேன். ரயில்வே ஸ்டேஷன் எதிரே ஒரு லாட்ஜில். கரமனை பஸ் ஜன்னலுக்குக் கீழேதான் போகிறது. நீ கூப்பிடாமல் அதில் ஏறக் கூடாது என்று இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேமராவில் பார்த்தது, எண்ணை எடுத்தது, திரும்பச் சேர்க்காமல் விட்டது, உன்னைப் பொய் சொல்லச் சொன்னது. எழுதியும் கொடுத்தேன். ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். போலீசுக்கும் போக வேண்டியிருக்கும் என்றார்கள். போகிறேன். உன்னைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து அண்ணாச்சி கடைக்குப் போனேன். "உள்ள வராண்டாம்" என்றார். வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று மெடிக்கல் காலேஜுக்குப் போனேன். விஷு என்பதால் வார்டில் கூட்டமில்லை. பிச்சைக்கனி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அனந்த் பக்கத்தில் இருந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். சொன்னால் வெறுப்பாய். அதைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது பொறாமைதான். அந்த ஆளுக்குக் கஞ்சி ஊட்டும் உரிமை அவனுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை.

நான் யார் என்று சொன்னேன். அலாரம் போக வேண்டிய எண்ணை எடுத்தவன் நான்தான் என்றேன். பிச்சைக்கனிக்குக் குரல் வரவில்லை, காற்றுதான் வருகிறது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"எதுக்கு எடுத்தீய?"

அனந்தின் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. "இவரு எம்பொண்டாட்டிக்குப் போன் போடக் கூடாதுன்னு."

அவன் என்னைப் பார்த்தான். அனந்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான்.

"இதுக்கா?" என்றான்.

அவ்வளவுதான். திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அனந்த் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போனான். நான் வராந்தாவில் பிச்சைக்கனியின் மனைவியிடம் போய் நின்றேன். அவளிடமும் சொன்னேன். அவள் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தாள். பிறகு எனக்குப் போக்கிடம் தெரியாமல் ஸ்டேஷன் வரை நடந்தே வந்தேன்.

உன்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

செல்வகணேஷ்


கரமனை
19 ஏப்ரல்

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன்.

ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை முதல் போகிறேன். ஆரியசாலைக் கட்டடத்தைத் திரும்பச் சரிசெய்யும் வேலையைத்தான் முதலில் கேட்டு வாங்கியிருக்கிறேன். இனி புகை என்றால் சைரன் உடனே அடிக்கும். பொய் அலாரத்துக்குத் தூக்கம் கெட்டால் கெடட்டும் என்று மேல்மாடி ஆட்களே சொன்னார்கள். செய்தி யார் யாருக்குப் போகும் என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டப்போகிறோம். ஒரு எண்ணை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பேர் தனித்தனி ஐடியில் சம்மதிக்க வேண்டும். இதை முன்பே செய்திருக்க வேண்டியவள் நான்.

பிச்சைக்கனிக்கு அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து எடை பார்க்கும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்த வேண்டாம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் போங்கள்.

வீட்டுக்கு வர வேண்டாம். பஸ்ஸில் ஏறாமல் இருந்தது சரி. நான் உள்ளே இருக்கும்போது வெளியே யாரோ நின்று பார்ப்பது மாதிரி இப்போதும் இருக்கிறது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் சோறு உண்கிறேன். அது போக வேண்டும். எப்போது போகும் என்று தெரியாது.

பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் அனந்தைப் பற்றி ஏதாவது ஒரு விதத்தில் கேட்டீர்கள். கேட்டதாலேயே நான் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில்தான் நீங்கள் கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன். அவருக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் எதுவும் இருந்ததில்லை.

உங்களுக்கும் எனக்கும் நடுவில் இப்போது என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அஜிதா